கோடுகள் உடைந்த மீன்

தான் சொன்னது தவறு என்று தனக்கு மட்டுமே தெரிந்திருக்கும்போது, ஒருவர் யார் யாரிடம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்? பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு முன்னால் இந்தக் கேள்வி, உள்ளங்கை நீளத்தில் ஒரு மீனாக வந்து கிடந்தது.

தினமும் காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நடப்பாள். நடை என்று பெயர், குனிவதுதான் அதிகம். அலை விட்டுப்போன ஈரக்கோட்டின் ஓரமாகவே போவாள். பையில் மூடி போட்ட டப்பா, ஒரு பூதக்கண்ணாடி, சொத்தையைக் குத்திப் பார்க்கும் பழைய கொக்கி ஊசி. எந்த மீனைப் பார்த்தும் அழகு என்று சொன்னதில்லை. முதலில் எண்ணுவாள். எண்ணி முடிக்கும்வரை பெயர் வாயில் வராது.

மனிதர்களிடமும் ஏறக்குறைய இப்படித்தான். தெருவில் யாராவது நலம் விசாரித்தால் விழிப்பாள். அவர்கள் சிரித்துவிட்டால் போதும், அடையாளம் தெரிந்துவிடும். "மேல் வரிசை, இடது பக்கம், வேர் சிகிச்சை" என்று மனதில் ஓடும்.

"மீன் டாக்டரம்மா, அந்தக் கொக்கியை நல்லாக் கழுவிட்டுக் குடுங்க. போன வாரம் ஒருத்தர் வாயில வச்சதும் மூஞ்சியைச் சுளிச்சாரு" என்பார் டாக்டர்.

"அது அவரு முந்தின நாள் சாப்பிட்டது சார். என் கொக்கி தனி."

நான்கு வருடங்களுக்கு முன்பு, கூட நடந்து வந்த மாமனார் கைத்தடியால் மணலைக் கிளறி, "ஏம்மா, யாரு வீட்டுக் குழந்தையோட பொம்மையோ கெடக்கு பாரு" என்றார். பொம்மை இல்லை, விரல் நீள மீன். கறுப்பு உடம்பில் தலை முதல் வால்வரை வெளிர்மஞ்சள் கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்தது போல. வலைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்று வாரம் படப்புத்தகங்களைப் புரட்டி அவள் ஒரு பெயரைச் சொன்னாள். இந்தக் கரையில் அதுவரை யாரும் பார்த்திராத இனம். அருங்காட்சியகத்தில் மீனுக்கென்று தனி ஆள் இல்லை. அவள் சொன்னதை அப்படியே அட்டையில் அச்சடித்து, மீனைக் கண்ணாடிப் புட்டியில் வைத்தார்கள். அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது: இனங்கண்டவர் அவள், கண்டெடுத்தவர் மாமனார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சிலிண்டர் போட வருகிறவர்கூட அந்தக் கதையைக் கேட்காமல் படியிறங்க முடியாது. "முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழிச்சேன், ஒரு இடத்துல என் பேர் அச்சுல வரல. ஒரு மீனைப் பாத்தேன், வந்துருச்சு."

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடந்த மீனுக்கும் அதே கோடுகள்தான். ஆனால் வயிற்றுப் பக்கம் கோடு உடைந்து புள்ளிகளாகியிருந்தது. கறுப்பு வெளுத்துச் சாம்பல் தட்டியிருந்தது. உதடு தடித்திருந்தது. அந்த உதட்டை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள்.

நேராகச் சந்தைக்குப் போனாள். குவியல் குவியலாக விற்கும் சாம்பல் மீனில் ஒன்றை வாங்கி வந்து, சமையலறை மேசையில் இரண்டையும் அருகருகே வைத்தாள். கொக்கியால் முதுகுத் துடுப்பை நிமிர்த்தி எண்ணினாள். சின்னதில் பத்து முள். பெரியதிலும் பத்து. பின்னால் வரும் மெல்லிய கதிர்களும் ஒத்துப்போயின. வளர வளர நிறம் மாறும், எண்ணிக்கை மாறாது. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கும் பத்து என்றுதான் எழுதியிருந்தாள். அவள் பெயர் சொன்ன இனத்துக்குப் பதின்மூன்று இருக்க வேண்டும். பக்கத்தில், அவள் கையெழுத்திலேயே: 'மூன்று ஒடிந்திருக்கலாம்.'

அருங்காட்சியகத்துக்குத் திருத்தம் எழுத அவளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 'இது சந்தையில் விற்கும் மீனின் குஞ்சு. தவறு என்னுடையது.' கடிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்கு எழுதினது சரி. அப்பாகிட்ட எதுக்கு? முட்டி இருக்கற நிலையில இனிமே அவரு பஸ் ஏறிப் போய் அந்த அட்டையைப் பாக்கப் போறாரா?"

"ம்."

"ம்-ன்னா?"

"ம்-ன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்."

"விட்டுரும்மா. அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

அதற்குள் மாமனாரே சுவரைப் பிடித்தபடி வந்துவிட்டார். சின்ன மீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஆளு! திரும்ப வந்துட்டானா?"

கணவர் அவளைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மாமனாரை உட்காரவைத்தாள். பூதக்கண்ணாடியை ஒரு கையிலும் கொக்கியை மறு கையிலும் கொடுத்தாள்.

"எண்ணுங்க மாமா. முதுகு முள்ளு மட்டும். ரெண்டுலயும்."

"எண்ணறதையா எனக்குச் சொல்லிக்குடுக்கற? ஆடற பஸ்ஸுல நின்னுக்கிட்டுத் தலை எண்ணினவன்மா நான்."

உரக்க எண்ணினார். சின்னதில் பத்து. பெரியதில் எட்டுக்கு மேல் குரல் மெதுவானது. பத்தில் நின்றது. இரண்டு உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது சந்தை மீனாச்சேம்மா."

"ஆமா மாமா."

"அப்போ புட்டியில இருக்கறது?"

"அதுவும் இதான் மாமா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கொக்கியின் நுனியைத் திரும்பவும் சின்ன மீனின் முதல் முள்ளுக்குக் கொண்டுபோனார்.

"இன்னொரு தடவை எண்ணிப் பாக்கட்டுமா?"

"பாருங்க."

அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவு இரண்டையும் முழுக்கத் திறந்துவிட்டு, தன் நிழல் மேசைமேல் விழாதபடி ஒதுங்கி நின்றாள்.