கழுத்துக்குக் கீழே ஒரு கடற்படைக்காரர்

பழைய படங்களைத் திருத்துகிற வேலையில் முதல் பாடம், தும்மக் கூடாது. இரண்டாவது, படத்தில் இருப்பவரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிற்கிற நேரத்தில் சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரத்தில் ஒரு சின்னக் கடையில் நான் செய்கிற வேலை இது. முதலில் அங்கே தரை துடைக்கத்தான் போனேன். ஒருநாள் ஒட்டிப்போன இரண்டு படங்களைக் கிழியாமல் பிரித்துக் கொடுத்தேன். அன்றைக்கே முதலாளியம்மா என் தும்புத்தடியை வாங்கி வைத்துவிட்டுத் தூரிகையைத் தந்தார். இங்கத்தைய ஜெர்மன் மொழியான டொச்சில் முதலாளியம்மாவுக்கு ஷெஃபின் என்றுதான் பேர், நாங்களும் அவரை அப்படியே கூப்பிடுவோம்.

நாலு பேருக்கு முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிற ஆட்களே, உங்களுக்கு விளங்கும். படங்கள் திருப்பிக் கேள்வி கேட்காது. சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இனிச் சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு தகரப் பேணியால் நான் பட்ட பாடு.

கறளுக்கு மரியாதை

நான் லீவில் நின்ற அன்று பேணி வந்தது. பழைய பிஸ்கட் பேணி, உள்ளே படங்கள், மேலே தமிழ்ப் பேர் எழுதிய துண்டு. முதல் படத்தில் சேட் போட்ட இளந்தாரி ஒருவர். நெற்றியில் வட்டமாக, மஞ்சள் கலந்த மண்ணிறத்தில் ஒரு பொட்டு. எங்கள் வீடுகளில் செத்தவரின் படத்துக்குத்தானே சந்தனம் வைப்போம்? அழித்தால் பாவம் என்று, இரண்டு நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொட்டில் படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தேன்.

மூன்றாம் நாள் பேணிக்குச் சொந்தக்காரி வதனி அக்கா வந்தார். கூடவே வெள்ளைத் தடியோடு ஒரு வயதானவர். எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, "படத்தில இருக்கிற ஐயா எப்ப அக்கா காலமானவர்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். படத்தில் இருந்தது அவர்தான், அக்காவின் அப்பா. பொட்டு என்று நான் நினைத்தது, பேணி மூடியின் துருப்பிடித்த கறள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஐயா வாய் விட்டுச் சிரித்தார்: "கறளுக்கு ரெண்டு நாள் மரியாதை குடுத்த முதல் ஆள் நீர்தான் பிள்ளை!"

ஒன்பது தலைகள்

பிறகு வதனி அக்கா விஷயத்துக்கு வந்தார். நாட்டுக்குச் சிலோன் என்று பேர் இருந்த காலத்தில் ஐயா அதன் கடற்படையில் மாலுமியாக இருந்தவர். அடுத்த மாதம் எண்பது வயது, திரிம்பாக் கோயிலில் பூசை. கண் டொக்டர் இந்த வருஷத்துக்குப் பிறகு முகங்கள் தெரியாது என்று சொல்லிவிட்டாராம். அதற்கு முதல் ஐயாவுக்கு ஒரே ஆசை, யூனிஃபோர்மோடு தன்னை ஒருக்காப் பார்க்க வேணும்.

பேணியில் யூனிஃபோர்ம் இருக்கவில்லை. சேட் போட்ட அந்த ஒரு படத்தைத் தவிர மிச்சமெல்லாம் தலைகள்தான். ஒன்பது, எல்லாம் கழுத்தோடு கத்தரித்தவை. சண்டைக் காலத்தில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தபோது ஐயாவின் மனைவி வெட்டியவை. அந்த உடுப்புப் படம் அகப்பட்டால் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கமும் கேள்வி வரும். அதனால் முகங்களை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுப்பில் போட்டுவிட்டார். அம்மா அப்போது சொன்னதை அக்கா அதே குரலில் சொல்லிக் காட்டினார்: "கழுத்துக்கு மேல என்ர மனுசன், கழுத்துக்குக் கீழ வில்லங்கம்."

புளி

பேணிக்குள் ஐயாவின் கப்பல் விசிலும் கிடந்தது. பித்தளை, கறுத்துப் போயிருந்தது. "தூசியை மட்டும் தட்டு" என்றார் ஷெஃபின். பித்தளையைக் கறுக்க விட எனக்கு மனம் கேட்குமோ? அடுத்த நாள் வீட்டிலிருந்து புளி கொண்டுபோய், வெள்ளிக்கிழமை விளக்கு மினுக்குகிற மாதிரித் தேய்த்து வைத்தேன்.

ஷெஃபின் முகம் சிவந்துவிட்டது. அந்தக் கறுப்பும் பொருளின் சரித்திரம்தான், அதைக் கழுவி ஊற்றிவிட்டாய் என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்க ஷெஃபின் ஐயாவையும் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஐயா விசிலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், விரலால் தடவினார். பிறகு டொச்சில் மாற்றிச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்: "உங்கட முதலாளியிட்டச் சொல்லும் பிள்ளை, நேவியில கறுத்த விசிலோட போனால் எங்களைக் கரைக்கு இறங்க விடமாட்டாங்கள்."

இரவல்

கொம்பியூட்டரில் வேறு யாரோ ஒரு மாலுமியின் உடம்பை எடுத்து ஐயாவின் தலையோடு பொருத்தலாம், ஒருவருக்கும் தெரியாது என்றார் ஷெஃபின். வதனி அக்காவுக்கு அரை மனம். நாளும் குறைந்துகொண்டே வந்தது. ஐயாதான் தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்: "டாவோஸ் ஹொட்டேலில கோப்பை கழுவேக்கையும் நான் இரவல் உடுப்புப் போடாதவன், இப்ப இரவல் உடம்போ?"

முருகனுக்குப் பின்னால்

அடுத்த கிழமை ஐயாவின் மனைவி தனியாக வந்தார். துவாயில் சுற்றின முருகன் படத்தை மேசையில் வைத்து, கண்ணாடி மாற்ற வேணும் என்றார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் யன்னலைப் பார்த்தார். பின்பக்க ஆணிகளைக் கழற்றினேன்.

மட்டைக்கும் முருகனுக்கும் நடுவில் ஒரு மாலுமி நின்றார். வெள்ளை உடுப்பு, நிமிர்ந்த நெஞ்சு, மினுங்குகிற சப்பாத்து. தலை மட்டும் இல்லை. "ஏனம்மா இவ்வளவு காலமும் அவருக்குச் சொல்லேல்லை?" என்றேன். "அப்ப சொல்லியிருந்தால் ஊர் முழுக்கக் காட்டியிருப்பார். பிறகு சொல்ல வெக்கமாப் போச்சு" என்றார். துவாயை மடித்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "இதை மட்டும் எரிக்கக் கை வரேல்லைப் பிள்ளை. முருகனுக்கு வைச்ச விளக்கெல்லாம் இவருக்கும் சேத்துத்தான்."

ஐந்தாவது

கத்தரிக்கோல் போன வளைவு ஒவ்வொன்றிலும் வேறு வேறு. ஒன்பது தலைகளையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ஐந்தாவது தலை, தன் வீட்டுக்குள் போகிற மாதிரி உடம்பில் போய் உட்கார்ந்தது. பின்பக்கம் மெல்லிய தாளை மாப்பசையால் நானே ஒட்டினேன். ஷெஃபின் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். பிறகு அதைக் கதவளவு பெருப்பித்து எடுத்தோம்.

படத்தைப் பார்க்க மனைவியோடு கடைக்கு வந்த ஐயா, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ச் சப்பாத்திலிருந்து மேலே மேலே பார்த்துக்கொண்டு வந்தார். மனைவி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கழுத்தடியில் ஐயா நின்றுவிட்டார். அந்த வெட்டுக் கோட்டைப் பெரிய படத்தில் அழிக்கலாம் ஐயா என்றேன். அவர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "விடும் பிள்ளை, என்னை உயிரோட வைச்சிருந்த வெட்டு அது."

ஒரு கடற்படைக்காரரின் தலையை உடம்போடு சேர்த்தது இந்தக் கைதான் என்று பூசைக்கு வந்த எல்லோருக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் நான் கோயில் தூணுக்குப் பின்னால் நின்று மோதகத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.