முதுகு வளையம்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் ஒரு ராஜ்யத்தை நடத்தினார்.

எங்கள் சாப்பாட்டு மேஜைதான் அந்த ராஜ்யம். விளையாட்டு எளிது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்குப் போர்வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதையை நடத்தியவர் அப்பா. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த சித்தப்பா இங்கே மந்திரவாதி. போர்வீரன் கிரீஸ் மாமா. அவரும் அப்பாவும் ஜோடியாக லிஃப்ட் வேலை பார்த்தவர்கள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது, அதனால் அந்தப் பெயர். அம்மா ஆட மாட்டார். ஆனால் யார் எந்தக் குகையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்வார்.

கடையில் வாங்கிய விதிப்புத்தகத்தில் வாள் உடையவே உடையாது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "தேயாத இரும்பை நான் இன்னும் பார்க்கலடா" என்று சொந்தமாக விதி போட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் உறுதி என்று ஓர் எண். பகடையில் ஒன்று விழுந்தால் உறுதியில் ஒன்று குறையும். பூஜ்ஜியத்துக்கு வந்தால் பொருள் உடைந்தது. கொல்லனிடம் கொடுத்துச் சரிசெய்யலாம், பழைய எண் மட்டும் திரும்பாது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கதைக்குள் பொழுது விடியும்போதெல்லாம், எதை எதைப் பராமரித்தேன் என்று ஒவ்வொருவரும் பொருளின் பேரைச் சொல்லி ஒப்பிக்க வேண்டும். கவசத்தின் முதுகு வாருக்குத் தனி விதி. போட்டிருப்பவனுக்கு அது தெரியாது என்பதால் பக்கத்து ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாத பொருளுக்கு அன்றைக்கு ஐந்துவரை விழுந்தாலும் சேதம்.

"அண்ணே, நாம டிராகனைக் கொல்ல வந்தோமா, இல்ல சர்வீஸ் பண்ண வந்தோமா?" என்பார் சித்தப்பா.

"டிராகன் எங்கயும் ஓடிடாது. நீ கவசத்தைப் பாரு."

"நேத்துதானே பார்த்தேன்."

"அது நேத்து."

ஒருமுறை கிரீஸ் மாமா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுக் கயிற்றை மறந்துபோனார். கோட்டைச் சுவரில் பாதி ஏறியபோது நான்கு விழுந்தது. உறுதி ஒன்றே மிச்சமிருந்த கயிறு அறுந்தது. பல வருஷமாக அவர் வளர்த்த போர்வீரன் அகழியில் போனான். மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு புதிய போர்வீரனோடு வந்தார்.

"இவனுக்குக் கயிறுன்னாலே ஆகாது. படிக்கட்டு இருந்தா மட்டும் கூப்பிடுங்க."

"படிக்கட்டு வச்சு யாருடா கோட்டை கட்டுவான்?"

"அப்ப லிஃப்ட் போடுங்க, நாமளே போய் ரிப்பேர் பண்ணிக்கலாம்."

அம்மா சிரித்ததில் கரண்டி கீழே விழுந்தது.

ஆனால் ஒப்பித்து ஒப்பித்தே மதியம் போனது. டிராகனின் வாலைக்கூட யாரும் பார்த்தபாடில்லை. சித்தப்பா ஒருநாள் சண்டையே போட்டார். அப்பா இறங்கி வந்தார். இனிமேல் "வழக்கம் போல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் பார்த்ததாகக் கணக்கு, முதுகு வார் உட்பட. விளையாட்டு வேகம் பிடித்தது. அந்த வருஷமே டிராகன் செத்தது. எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவர் அப்பாதான்.

லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி வேலை செய்பவர்கள் உடம்போடு பெல்ட் கட்டுவார்கள். பிடிகயிறு மாட்டும் இரும்பு வளையம் முதுகில் இருக்கும். கட்டியவர் கண்ணுக்கு அது படாது. ஜோடி ஆள் காலையில் அதைத் துடைத்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் பெட்டியின் மேல் அப்பாவுக்குக் கால் வழுக்கியது. கயிறு இழுத்தது. வளையம் பிளந்தது. லிஃப்ட் குழியின் அடிவரை போனார்.

விசாரணை முடிந்து, கம்பெனி அப்பாவின் பொருட்களைத் திருப்பித் தந்தது. கிரீஸ் மாமா அவற்றை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாப்பாட்டு டப்பாவையும் மூக்குக்கண்ணாடியையும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அவற்றோடு உள்ளே போனார். வளையத்தை மாமா பிளாஸ்டிக் கவரோடு என் முன்னால் வைத்தார்.

நான் உலோகச் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஒரு பாகம் ஏன் உடைந்தது என்று சொல்வதுதான் எனக்கு வேலை.

"பாப்பா, அன்னிக்குக் காலைல அண்ணன் கேட்டாரு, முதுகு பார்த்தியாடான்னு."

நான் கவரை என் பக்கம் இழுத்தேன்.

"வழக்கம் போலன்னேன். கொஞ்ச நாளா அங்கயும் அப்படித்தான். அவரு சிரிப்பாரு, நானும் சிரிப்பேன், ஏறிடுவோம். ஆபீஸ்ல பார்த்தேன்னுதான் சொல்லியிருக்கேன்." மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார். "நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

விரிசல் உள்ளே இருந்து கிளம்பியிருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. மாமா அதன் பிறகு தூங்கலாம். கவரைப் பிரிக்கும்போது எனக்கு அந்த ஒரு ஆசைதான்.

உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துத் துருவேறியிருந்தது. மிச்சம் பளிச்சென்று இருந்தது. பளிச்சென்றது அன்றைக்கு உடைந்தது. துரு பிடித்தது எப்போதோ பிளந்தது. அந்தப் பிளவு வெளி ஓரத்தில் தொடங்கியிருந்தது. துணியால் துடைத்தாலே இழை மாட்டியிருக்கும். மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேப்ல வச்சுப் பார்க்கணுமா?"

"வேண்டாம் மாமா."

"அப்ப சொல்லு."

"தெரிஞ்சிருக்கும்."

தலையை ஆட்டினார். அழவில்லை. வளையத்தை எடுத்து அந்தக் கறுத்த ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, உள்பக்கம் பார்த்து, "வரேன் அண்ணி" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

அம்மா டீயோடு வந்தார்.

"எங்கே அந்தத் தம்பி?"

"போயிட்டாரு."

"என்ன சொன்னே அவருகிட்ட?"

"கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன்."

"எதுக்கு?"

அறிக்கை எழுதும்போது எதுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

"உங்கப்பாவைப் பத்தி என்கிட்ட பேச இருந்தது ரெண்டு பேரு. அதுல ஒருத்தரையும் அனுப்பிட்டியா?"

டம்ளரை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் வாசலில் நின்றேன். பஸ் நிறுத்தம் அங்கிருந்தே தெரியும். அம்மா அதுவரை போனார். அங்கே நின்றிருந்த யாரிடமோ கேட்டார். அந்த ஆள் ரோட்டின் கோடியைக் கை காட்டினார். அம்மா அந்தப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தனியாகத் திரும்பி வந்தார்.