படகின் பொட்டு

காலையில் தண்ணீர்த் தொட்டியின் ஓட்டையைப் பைபர் துணி வைத்து அடைத்தார்கள். அதன்மேல் பூசிய ரெசின் பசையின் வாடை மூக்கில் ஏறியதும், நினைவில் ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுப் பட்டறைக்கே போய்விட்டேன்.

மலை ஏரியில் படகு விடும் ஒருவருக்காக அப்பா அங்கே தன் முதல் வேகப்படகைச் செய்தார். வெள்ளை வெளேரென்று வேண்டுமென்று கேட்டிருந்தார் அந்தப் படகுக்காரர். அச்சிலிருந்து கழற்றினால், படகின் மூக்கில் சிவப்பாக ஒரு பொட்டு! வேலை தொடங்குமுன் அச்சின் உள்ளே அம்மா வைத்த குங்குமம், அதன்மேல் தடவிய வெள்ளைப் பூச்சோடு சேர்ந்து இறுகிவிட்டது.

"இன்னாடி பண்ணி வெச்ச? அவுரு வேணான்னு சொல்லிட்டா?" என்று அப்பா பதறினார்.

"சாமி கும்புடாம வேலைய ஆரம்பிப்பாங்களா?" என்றாள் அம்மா.

அப்பா உப்புத்தாளை எடுப்பதற்குள் படகுக்காரர் வந்துவிட்டார். பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"தேய்க்காதீங்க. தண்ணியில போற எம் புள்ளைங்களுக்குத் தொணையா இருக்கட்டுங்க."

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முருகா, இப்போது நினைத்தாலும் சிரிப்பு அடங்கவில்லை.