விடாத பந்து

மருந்து தெளிப்பானின் முனை அடைத்திருந்தது. நோயெலி கழற்றிக் கொடுத்தாள். அப்பா ப்ரோஸ்பேர் கம்பியால் குத்தி வாய் வைத்து ஊதினார். மயில்துத்தம் பட்டு உதடு நீலமானது. நோயெலி கால்வாய்ப் பம்புகளைப் பார்க்கும் எஞ்சினியர்; அப்பாவோடு அவள் செய்த கடைசி வேலை அதுதான். அந்த வாரமே அவர் திராட்சைக் கொடிகளுக்கிடையில் விழுந்து இறந்துபோனார்.

ஊதுகிற இடைவெளியில் அவர் பேசியது 1934 பற்றி. எப்போதும் அதுதான்.

அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் பழைய ரக்பியை விட்டு, புதிதாக வந்த பதின்மூன்று பேர் ரக்பிக்குப் போனவர்களை, ப்ரோஸ்பேர் உட்பட, பழைய சங்கம் ஆயுளுக்கும் விலக்கிவைத்தது. ஊர் மைதானத்தையும் பூட்டினார்கள். மதாம் பூயோல், கொடிகளைப் பிடுங்கிப்போட்டிருந்த தன் நிலத்தை ஒரே ஓர் ஆட்டத்துக்குக் கொடுத்தாள். ஜெயித்தால் தொடரலாம், தோற்றால் மறுநாள் ஏர் இறங்கும்.

ஊரே திரண்டது, பாதிப் பேர் கேலி பண்ண. ஆறு வயது நோயெலி சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். பழைய ஆட்டத்தில் பிடிபட்டு விழுந்தவன் பந்தை விட்டாக வேண்டும். இதில் விடக் கூடாது. எழுந்து, காலால் பின்னால் தள்ள வேண்டும். ப்ரோஸ்பேர் விழும்போதே, பழக்கதோஷத்தில், பந்தை விட்டார். எதிரே ஆடிய வெளியூர்க்காரன் அள்ளிக்கொண்டு கோட்டுக்கு அப்பால் போய் வைத்தான், மூன்று புள்ளி. சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதை.

அணித்தலைவர் உர்பன் பக்கத்தில் வந்தார். "தானதர்மம் போதும்டா ப்ரோஸ்பேரு. இன்னொரு வாட்டி விட்டே, உன்னையே ஏர்ல பூட்டிருவேன்."

எதிரணி ஆறு, இவர்கள் நாலு. நேரம் முடியப்போகிறது. ப்ரோஸ்பேர் பந்தை வாங்கி ஓடினார். ஒருவனை இடித்துத் தள்ளினார், இன்னொருவனைச் சட்டையோடு இழுத்துக்கொண்டே போனார். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். சுற்றிலும் நின்ற அத்தனை பேரும், பழைய ஆட்டத்தில் ஊறியவர்கள், ஒரே குரலில் கத்தினார்கள்: "விடு, விடு!"

அவர் விடவில்லை. வயிற்றோடு அணைத்தபடி எழுந்தார், பந்தை வைத்தார், குதிகாலால் தட்டினார். உர்பன் எடுத்துக் கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். ஏழு. கேலி பண்ண வந்தவர்கள் தொப்பிகளை வீசினார்கள். நோயெலி சுவரிலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள்.

மதாம் பூயோல் ப்ரோஸ்பேரிடம் வந்தாள். "வருஷா வருஷம் அறுவடைக்கு முன்னாடி நீயே நேர்ல வந்து கேளு, தரேன். கேக்கலேன்னா உழுதுருவேன்."

போர்க்காலம் தவிர ஒரு வருடமும் அவர் தவறவில்லை. கருப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போவார். அவள் இனிப்பு ஒயின் ஊற்றிவிட்டு, யோசிப்பதுபோல் வெகுநேரம் கூரையைப் பார்ப்பாள்.

அடுத்த வாரம் அறுவடை. சாவதற்கு முன் அப்பா தேய்த்து மாட்டிய கருப்புக் கோட்டு இன்னும் நாற்காலியிலேயே தொங்குகிறது. மதாம் பூயோல் வீட்டுக்கு இன்னும் யாரும் போகவில்லை.