சித்தப்பாவுக்குக் காது கேட்காது

எங்கள் சித்தப்பாவைப் போல ஓர் அவசரக்காரரை நான் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் என்று ஊரில் சும்மா சொல்வார்கள். சித்தப்பா விஷயத்தில் அது கொஞ்சம் குறைவு. ஒரு நாள் க்ஷவரம் பண்ணிக்கொண்டிருக்கும்போது சாத்தூர் மிளகாய் லாரி வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் சோப்பு நுரையுமாக திருவிதாங்கூர் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஓடியிருக்கிறார். சாயங்காலம் வரை அந்தக் கோலத்தில்தான் வியாபாரம் நடந்தது. பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்கு மிளகாய் கொண்டுபோன லாரியில் ஏறிப் போனவர், மலைப்பாதை வளைவில் வண்டியை நிறுத்தி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று இறங்கி, குறுக்கே ஏறினால் நான் முந்திவிடுவேன் என்று காட்டுக்குள் புகுந்துவிட்டார். லாரி மேலே போய்ச் சரக்கெல்லாம் இறக்கியான பிறகு, முழங்கால் வரை அட்டை கடித்த இரத்தத்தோடு வந்து சேர்ந்தார். "நீங்க எப்படிடே எனக்கு முன்னால வந்தீங்க?" என்று டிரைவரிடம் சண்டை வேறு!

அப்பா கதை இப்படியல்ல. அவர் கடையில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். மிளகாய் வற்றல், மல்லி, புளி மொத்த வியாபாரம். முன்னால் கடை, பின்னால் வீடு. வீடு முழுக்க மிளகாய் நெடி. விருந்தாளிகள் தும்மிக்கொண்டேதான் நலம் விசாரிப்பார்கள். சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி வரத் தாமதமாகிறது என்று எழுந்து வந்துவிட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

சித்தப்பாவின் தொழில் தரகு. சரக்கு கொண்டுவருகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று விலை படியவைப்பது. அந்தக் காலத்தில் ஆரியசாலையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். சுற்றி நிற்கிறவன் காதில் விழுந்தால் போயிற்று. தோளில் கிடக்கும் துண்டைக் கைமேல் போட்டு மூடி, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். இத்தனை விரல் பிடித்தால் இன்ன விலை, விரலை மடக்கினால் பாதி என்று ஏதோ கணக்கு. வெளியே இரண்டு பேரும் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் எதிரெதிரே நிற்பார்கள். துண்டு மட்டும் அசையும். கடைசியில் ஒருவர் தலையாட்டுவார், மூட்டை இறங்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு நாலைந்து வயதிலிருந்தே பேச்சு திக்கும். மனசுக்குள் வாக்கியம் முழுசாக இருக்கும். வாயைத் திறந்தால் முதல் எழுத்து வாசற்படியில் மாட்டிக்கொள்ளும். கண்ணை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க, தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். வராது. வீட்டில் என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அதனால் நான் படும் பாட்டைப் பார்க்க யாருக்கும் பொறுக்காது. நான் 'த' என்று ஆரம்பித்தால் போதும், அம்மை தண்ணீரோடு ஓடிவருவாள். எனக்கு வேண்டியிருந்தது தயிராக இருக்கும். அதைச் சொல்ல மறுபடியும் அதே 'த'வில்தானே தொடங்கவேண்டும்? யார் படுவது அந்தப் பாடு! தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோய்விடுவேன். அப்பாவோ நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சரி மக்ளே, சரி மக்ளே" என்பார். எதற்குச் சரி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து நானே முடித்தது சித்தப்பாவிடம் மட்டும்தான். அதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. சித்தப்பாவுக்குக் காது கேட்காது.

ஆமாம், அப்படித்தான் நான் நம்பினேன். நான் திக்க ஆரம்பித்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டுக்கூரையைப் பார்ப்பார். ஒரு கையைக் காதருகே குவித்துக்கொள்வார். "ஹ? என்ன மக்ளே? காது அடைச்சுக் கெடக்கு. மெள்ளச் சொல்லு" என்பார். நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மறுபடி "ஹ?" என்பார். பாவம், மனுஷனுக்கு இந்த வயதில் இப்படியா என்று எனக்கு மனசு கஷ்டப்படும். என் திக்கலை மறந்து அவர் காதைப் பற்றியே நினைத்துக்கொண்டு சொல்லிமுடித்துவிடுவேன். முடித்ததும், "அப்படியா சங்கதி!" என்று சந்தோஷமாகத் தொடையில் தட்டுவார்.

காது கேட்காதவர் எப்படித் தரகு பண்ணுவார் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அதனால்தானே துண்டைப் போட்டு விரல் பிடித்துப் பேசுகிறார்! எல்லாத் தரகர்களும் அப்படித்தான் பேசுகிறார்களே என்றால், பாவம், எல்லாருக்கும் காது மந்தம். அதுதான் கடைத்தெருவில் ஒருவரை ஒருவர் அப்படிக் கத்திக் கூப்பிடுகிறார்கள். ஆறு வயதில் நான் எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முதல் தடவை என்னை அழைத்துப்போனது அப்பா. பெரிய டீச்சர் என்னைப் பார்த்து, "எந்தா மோளே பேரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பகவதி" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "குட்டி பறயட்டே" என்றார், பிள்ளையே சொல்லட்டும் என்று. நான் 'ப'வோடு மல்லுக்கட்டினேன். அப்பா பொறுக்கமாட்டாமல் மறுபடியும் "பகவதி" என்றார். டீச்சர் இன்னொரு முறை கேட்டார், அப்பா இன்னொரு முறை சொன்னார். பேசத் தெரியாத குழந்தையை எப்படிச் சேர்ப்பது, அடுத்த கொல்லம் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கொல்லம் என்றால் மலையாளத்தில் வருஷம். வரும் வழியெல்லாம் அப்பா என் கையை விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மையிடம், "அடுத்த வருஷம் ஒரு தடவ பாப்போம். அப்பவும் ஆகலேன்னா வீட்டோட கெடக்கட்டும். பிள்ளைய நாலு பேர் முன்னால நிறுத்தி இப்படி வதைக்க என்னால ஆவாது" என்றார்.

எனக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். தெருப் பெண்பிள்ளைகள் சிலேட்டும் பையுமாகப் போவதைக் கடை வாசலில் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் அப்படியே பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரும். கேட்டால் மிளகாய் நெடி என்று சமாளித்துக்கொள்ளலாம், அந்த வீட்டில் அது ஒரு சௌகரியம்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானது அந்தச் சமயத்தில்தான் என்று ஞாபகம். மறு வருஷம் வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. சித்தப்பா எங்கிருந்தோ வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு, "நீ இரி அண்ணே, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அம்மை அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "இவரா? அங்க ஒரு கூட்டம் நிக்குமே! பாதியில பிள்ளைய விட்டுட்டு ஓடிருவாரு" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் தெருமுனை தாண்டிவிட்டோம். நான் பாதித் தூரம் நடந்தேன், பாதித் தூரம் பறந்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் அப்பாமார்களும் அம்மாமார்களும் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டில் மழைச் சத்தம். எங்கள் முறை வந்தது. அதே பெரிய டீச்சர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது, சித்தப்பாவைப் பார்த்தே கேட்டார். "குட்டியுடெ பேரெந்தா?"

சித்தப்பா கையைக் காதருகே குவித்து, "ஹ?" என்றார்.

டீச்சர் கொஞ்சம் உரக்கக் கேட்டார். சித்தப்பா பணிவாக, "ஆரியசாலையிலதான் டீச்சர், சந்தைக்குத் திரும்புற முக்குல" என்றார்.

"அதல்ல. பேரு, பேரு!"

"மிளகா, மல்லி, புளி. எல்லாம் மொத்தமாட்டுதான்" என்றார் சித்தப்பா.

வராந்தாவே சிரித்தது. பின்னால் நின்ற ஒருவர் மலையாளத்தில் ஏதோ சொல்ல, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சித்தப்பா ஒன்றும் அறியாதவர்போல உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பழக்கம், பொறுத்துக்கொள்வேன். காது கேட்காத ஒரு மனுஷரைப் பார்த்து, அதுவும் எங்கள் சித்தப்பாவைப் பார்த்துச் சிரிக்க இவர்கள் யார்? டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சிரிக்கிறவர்களைத் தாண்டி அடுத்த பிள்ளையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவ்வளவுதான், இனி அடுத்த வருஷமும் கிடையாது, ஆயுசு முழுக்க மிளகாய் மூட்டைதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சி... சி... சி..."

யாரோ ஒரு அம்மா, "சிலேட்டா மோளே?" என்றாள். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். மறுபடி ஆரம்பித்தேன். எழுத்து நகரவில்லை. திரும்பி சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நெற்றியில் மட்டும் வேர்வை, அந்த மழையில்! தோளிலிருந்த துண்டை வலது கைமேல் போட்டிருந்தார். துண்டுக்கடியில் விரல்கள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. இங்கே வந்து யாரோடு விலை பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"சி... சித்தப்பாவுக்கு... கா... காது கேக்காது டீச்சர். யாரும் சி... சிரிக்காதீங்க. எ... என் பேரு ப... ப... ப..."

டீச்சர் உதவிக்கு வாயைத் திறந்தார். அப்போது, காது கேட்காத சித்தப்பா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். மழை பெய்தது. அடுத்த பிள்ளை வந்து பக்கத்தில் நின்றது. யாரோ சலித்துக்கொண்டார்கள். அந்த எழுத்தோடு நான் எவ்வளவு நேரம் போராடினேன் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழுப் பகல் மாதிரி இருந்தது.

"பகவதி" என்றேன்.

டீச்சர் எழுதிக்கொண்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எழுதியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ படித்தேன், எத்தனையோ பேர் முன்னால் நின்று பேசவும் செய்தேன். இன்றும் அவ்வப்போது திக்குகிறது. திக்கட்டும், அதற்கென்ன? முடிக்காமல் விட்டதில்லை. ஐந்து நிமிஷம் பஜ்ஜிக்குக் காத்திருக்க முடியாத மனுஷன், என் ஒரு சொல்லுக்காக ஊர் சிரிக்க நின்றிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குள் எப்போது வந்தாலும் டீச்சர்கள் அவர் காதருகே வந்து கத்துவார்கள். அத்தனை வருஷமும் அந்த வேஷத்தை அவர் கலைக்கவே இல்லை. இந்த ஜன்மத்தில் நான் நன்றி சொல்லித் தீராது.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா முற்றத்து ஓரம் தூணில் சாய்ந்திருந்தார். அம்மை அடுக்களை வாசலில் நின்று, என் காதில் விழக்கூடாது என்று ரொம்பவும் மெதுவாக, உதடு மட்டும் அசைகிற மாதிரி கேட்டாள்; பக்கத்திலிருந்த எனக்கு விழத்தான் செய்தது. "நெசமாட்டு அவளே சொன்னாளா? நீங்க எடுத்துக் குடுக்கலியா?"

அத்தனை தூரத்திலிருந்து சித்தப்பா உடனே பதில் சொன்னார். "நான் எங்க எடுத்துக் குடுக்க? எனக்குத்தான் காது கேக்காதே, மைனி."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருக்காதா பின்னே? கல்யாணம்கூட ஆகாத கொழுந்தனுக்கு இந்த வயதில் காது போய்விட்டது, அதை அவர் வாயாலேயே ஒத்துக்கொள்கிறார் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கும் தாங்கவில்லை. இட்லித் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் அவர் காதோடு வாயை வைத்து, முடிந்தமட்டும் சத்தமாகச் சொன்னேன்.

"க... க... கவலப்படாண்டாம் சித்தப்பா. இ... இனி யாரு எ... என்ன கேட்டாலும் நா... நானே சொல்லுதேன்."

சித்தப்பா முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டே கையைக் காதருகே குவித்தார். பிறகு, "ஹ? கேக்கல மக்ளே. இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

பாவம், நிஜமாகவே கேட்கவில்லையாக்கும் என்று, இன்னொரு தடவை சொன்னேன்.