மன்றாட்டு மாலையும் நரம்பு மாத்திரையும்

என் மனைவிக்கு வாய் நீளம் என்று ராயபுரத்தில் எங்கள் தெருவே சொல்லும். நானும் மறுக்கமாட்டேன். மே மாதத்திலும் அக்டோபரிலும் மாதா சிலையை, நாங்கள் சுரூபம் என்போம், தினம் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஜெபமாலை முடிந்ததும் மன்றாட்டு மாலையைப் புத்தகம் பார்க்காமல் சொல்வது அவள்தான். மாதாவுக்குரிய பெயர்களை ஒவ்வொன்றாக அவள் கூப்பிட, நாங்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்போம். எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டி, கன்டெய்னர் வரிசையில் நாளெல்லாம் காய்ந்துவிட்டு வந்தாலும், அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு அலுப்பு போய்விடும்.

போன வருஷம் அவளுக்கு விலாவில் அக்கி வந்தது. காவி குழைத்து எழுதினோம், ஆஸ்பத்திரிக்கும் போனோம். கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் போகவில்லை. ரவிக்கைத் துணி உரசினாலே துடித்துப்போவாள். நரம்பு வலிக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். வலி அடங்கியது, அவளுடைய பேச்சும் அடங்கியது.

குழம்புக்கு இரண்டு முறை உப்பு போட்டாள். திருவொற்றியூரில் இருக்கும் தங்கையைப் பார்க்க ரயிலேறியவள், அதைத் தாண்டி விம்கோ நகரில் இறங்கி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு சண்டையை ஆரம்பிப்பாள், பாதியில் வார்த்தை கிடைக்காமல் விட்டுவிடுவாள். முதலில் எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

மே மாதம் ஒரு வீட்டில் 'விடியற்காலையின் நட்சத்திரமே' என்றாள். பதில் சொன்னோம். மறுபடி அதையே சொன்னாள். மறுபடி பதில் சொன்னோம். எங்கள் ஆட்களுக்கு வாய் தானாக ஓடும்; அவள் நிறுத்தாதவரை நாங்களும் நிறுத்தமாட்டோம். எத்தனை முறை அப்படிப் போயிற்றோ, முன்னால் இருந்த ஒரு அம்மா அடுத்த பெயரை எடுத்துக் கொடுத்தார். என் மனைவி முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அழுதாள். "இனிமே நான் சொல்லலய்யா. எங்கம்மா கடைசீல என்னையே யாருன்னு கேட்டுச்சே, அது மாதிரி ஆயிடுவனோன்னு பயமா கீது."

"வயசானா எல்லாருக்கும் மறதிதாம்மே" என்றேன், ஆறுதல் என்று நினைத்து.

சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கி வர்றதுக்கு முன்னாடி இருந்துச்சா? இந்த மாத்திர துன்றதுக்கு முன்னாடி இருந்துச்சா? வயசு இன்னா ஒரே மாசத்துலயா வரும்?"

கோபத்தில் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடவும் இல்லை அவள். நேராகப் போய் டாக்டரிடமே இதைக் கேட்டாள். எனக்கு அவ்வளவு தைரியம் வராது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தாலே 'நல்லா கீது சார்' என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் நான்.

இந்த மாத்திரை சிலருக்கு ஞாபகத்தையும் யோசனையையும் மந்தமாக்கும் என்றார் டாக்டர். திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் வலி திரும்பக்கூடும் என்றும் சொன்னார்.

"வலிய நான் பாத்துக்கறேன் டாக்டர். என் வார்த்தைய திருப்பிக் குட்த்தா போதும்."

மாத்திரை குறையக் குறைய அவள் பழையபடி ஆனாள். உப்பு சரியாக விழுந்தது. சண்டையும் முழுசாக நடந்தது. ஆனால் மன்றாட்டு மாலை பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். அக்டோபரில் சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, யாரும் கூப்பிடாமலேயே அவள் முன்னால் போய் முழங்காலில் நின்றாள்.

அந்த நட்சத்திரம் வரைக்கும் வந்தாள். நின்றுவிட்டாள். அடுத்த பெயரை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் கையை உயர்த்தித் தடுத்தாள். இன்னொரு கை விலாவை அழுத்திக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்துவிட்டு, அடுத்ததைச் சொன்னாள். கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னாள்.

சுண்டல் கொடுக்கும்போது என்னை முறைத்தாள். "இன்னா, மறந்துட்டேன்னு நென்ச்சிகினியா? வலிச்சிதுய்யா."

அவளுக்கு வலிக்கிறது என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.