கள்ள ரூபாய்ப் பெட்டி

நான் சேர்த்துவைப்பவை கள்ள வெள்ளி ரூபாய்கள். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் யாரோ மறைவில் அடித்து, சந்தைகளில் நல்ல காசோடு கலந்து செலவழித்துவிட்டவை. செப்பு வில்லையின்மேல் வெள்ளித் தகடு போர்த்தியவை சில; ஈயத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்தவை சில. நல்ல ரூபாய் சேர்ப்பவர்கள் கண்டதும் ஒதுக்கிவிடும் இவற்றை நான் தேடிப்போய் வாங்குகிறேன். காசிலுள்ள வெள்ளைக்கார அரசியின் முகத்தை ஒருவன் எவ்வளவு அஞ்சி அஞ்சிப் பார்த்திருந்தால் இப்படிச் செதுக்கியிருப்பான் என்று எண்ணிப்பார்ப்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

பீர்க்கன்கரணையில் நான் குடியிருப்பது ஒரு வீட்டின் மாடியில். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மாவும் அவர் மகனும். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலத்தை மனைகளாக்கி விற்ற குடும்பம். சென்ற ஆண்டு மகனுக்கென்று பின்புறத்தில் புதுவீடு எழும்பத் தொடங்கியது. நிலைவாசல் வைக்கும் நாளில் மரச்சட்டத்தின் அடியில் நவதானியத்தோடு ஒரு வெள்ளிக் காசையும் இட்டுப் பூசிவிடுவது வழக்கம். அதற்காக, மாமியார் காலத்திலிருந்தே பூசையறையில் இருந்த ராணி ரூபாயை எடுத்துவந்து அந்த அம்மா என் கையில் வைத்தார்.

"நீங்கதான் இதெல்லாம் பாக்கறவராச்சே சார். சுத்த வெள்ளிதானான்னு சொல்லுங்க. வாசக்காலுக்கு அடில போட்டு மூடிட்டா அப்பால நோண்டி எடுக்க முடியாது."

தராசு மாடியில் இருந்தது. எடை பார்த்துத் தருகிறேன் என்று காசை எடுத்துச் சென்றேன். பிறர் காசை அவர் கண்ணெதிரிலேயே ஆராய வேண்டும் என்பது எங்கள் வட்டத்தில் எழுதப்படாத விதி. ஒரே வீட்டின் படிக்கட்டுதானே என்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

எடை குறைந்தது. உருப்பெருக்கியின்கீழ் விளிம்பு வரிகள் ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் விலகியும் தெரிந்தன. இயந்திரம் அப்படி வெட்டாது, அவை கையால் அரத்தில் இழைத்தவை. ராணியின் மூக்கு நுனி அரசு அச்சில் உள்ளதைவிடச் சற்றே கூர்மை. மகுடத்தின் மேட்டில் வெள்ளி தேய்ந்து, படிந்திருந்த குங்குமச் சிவப்புக்கு அடியில் வேறொரு சிவப்பு. நான் கண்டவற்றுள் மிக அழகான கள்ள ரூபாய் அது.

மறுநாள் காலையில் காசைத் திருப்பிக்கொடுத்து உண்மையைச் சொன்னேன். அத்தோடு நிறுத்தாமல், "வாசலுக்கு வேற வெள்ளி வாங்கிக்குங்க அக்கா. இத எனக்குக் குடுத்தீங்கன்னா நல்ல விலை தரேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "பொய்க் காசுன்றீங்க. அதுக்கே வெலயும் குடுக்கறேன்றீங்க. இன்னா சார் கணக்கு இது?"

விளக்கினேன். நான் விளக்க விளக்க அவர் விரல்கள் மேலும் இறுகின.

அன்று மாலை தாம்பரத்தில் ஒரு நகைக்கடையில் விளிம்பை உரசிப் பார்த்திருக்கிறார்கள், செப்பு தெரிந்திருக்கிறது. என் சொல் மெய்யாயிற்று. ஆயினும் எனக்கு அதனால் நன்மை விளையவில்லை. தாயும் மகனும் நேரே மாடிக்கு வந்தார்கள்.

"எங்க மாமியார் காலத்துலேந்து வெள்ளியா இருந்துச்சி. ஒரு ராத்திரி உங்க வூட்டாண்ட இருந்துட்டு செம்பாயிடுச்சே சார்."

மகன் சிரித்தான். "பொட்டி நெறைய டூப்பு வெச்சிக்கினு கீறாரு, அதுல ஒண்ணு நம்ம கைக்கு வந்துட்ச்சி. மாத்திக்கினீங்கன்னு சொல்லல சார். மாறிப்போச்சின்னு சொல்றோம்."

"உங்க காசுல என்ன வருஷம் போட்டிருந்தது அக்கா? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். எனக்கிருந்த ஒரே சான்று அதுதான்.

"அத யாரு பாத்தா? ராணி இருந்துச்சி, பொட்டு வெச்சோம்."

பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ரூபாய்களை ஒவ்வொன்றாகச் சுண்டிப் போட்டார். டொக். மறுபடியும் டொக். பிறகு ஒன்று மணிபோல் ஒலித்தது; ஒலி அடங்கவே சற்று நேரமாயிற்று.

"இதான் எங்க காசு."

அது என் காசு. பொய்யை ஒப்பிட்டுப் பார்க்க மெய்யும் ஒன்று வேண்டும் என்று நானே வாங்கிவைத்திருந்த நல்ல ரூபாய். அதிலும் அதே ராணி. கொடுத்தால் மாற்றியதை ஒப்புக்கொண்டவன் ஆவேன். மறுத்தால் திருடியதை விட மனமில்லாதவன் ஆவேன். அவர் என்னிடம் கேட்டிருந்ததோ, வாசலடியில் சுத்த வெள்ளி போகவேண்டும் என்பதை மட்டுமே.

"எடுத்துக்குங்க. ஆனா நான் மாத்தல அக்கா."

"மாத்தாதவரு எதுக்கு சார் குடுக்கறீங்க?" என்று கேட்டபடியே அதை முந்தானையில் முடிந்துகொண்டார். செப்பு ரூபாயை என் காலடியில் வைத்தார். "உங்க சரக்கு. நீங்களே வெச்சிக்கோங்க."

என்மீது சுமத்தப்பட்ட மாற்றம் உண்மையில் அப்போதுதான் நடந்தது. நான் ஆசைப்பட்ட காசு என்னிடம் வந்துவிட்டது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஓர் ஐயம் எழுகிறது: காசின் ஓசையை அத்தனை துல்லியமாகப் பிரித்தறியும் காது உள்ளவர், தம் பூசையறைக் காசை ஒருமுறைகூடத் தட்டிப் பார்க்காமலா இருந்திருப்பார்? அப்படி நினைத்த மறுகணமே, என்னை அவர்கள் ஐயுற்றதைப் போலவே நானும் அவரை ஐயுறுகிறேனே என்று வெட்கம் வரும். வெட்கம் வந்தும் ஐயம் போகாது.

நிலைவாசல் வைக்கும் நாளில் முறையாக மாடிக்கு வந்து அழைத்தார். போகாவிட்டால் அதற்கும் ஒரு பொருள் கற்பிப்பார்கள் என்று போனேன். மஞ்சள் பூசிய சட்டத்தைச் சுற்றி உறவினர் கூடியிருந்தனர். என் ரூபாயைக் குழியில் வைப்பதற்குமுன் அதை உயர்த்திப் பிடித்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி அந்த அம்மா என்னைக் கேட்டார்: "சார், நீங்களே சொல்லுங்க. இது சுத்த வெள்ளிதானே?"

மகன் கைகட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். உறவினர் முகங்களும் திரும்பின. என்னைப் பற்றி அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது என்பது தெரிந்தது.

"சுத்த வெள்ளிதான்" என்றேன்.

யாரோ பின்னால் மெல்லச் சிரித்தார்கள். அந்த அம்மா காசைக் குழியில் வைத்ததும், மேஸ்திரி கரண்டி நிறையச் சிமெண்டுக் கலவையை எடுத்து அதன்மேல் அப்பினார்.